பழி கார்புரேட்டர் மேல்

என் அப்பாவின் புரோட்டோன் சாகா, நின்றுபோவதற்கென்றே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது. தாப்பா பட்டணத்துக்குள் நுழையும்போது வரும் சமிக்ஞை விளக்கு. பீடோர் பக்கமிருந்து ஒன்றாம் எண் கூட்டரசு சாலையில் வரும்வரை ஒரு குறையும் தெரியாது. சிவப்பு விளக்கைக் கண்டு அப்பா பிரேக்கை மிதிப்பார். இயந்திரம் இரண்டு முறை குலுங்கும். மூன்றாவது குலுக்கலில் அடங்கிவிடும். பச்சை விழும். பின்னால் நிற்கும் லாரி ஹாரன் அடிக்கும். அப்பா சாவியைத் திருகிக்கொண்டே இருப்பார். பக்கத்து இருக்கையில் அம்மா, இரத்தச் சுத்திகரிப்பு முடிந்த களைப்பில், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வாரத்துக்கு மூன்று நாள் இந்தப் பயணம். அப்பாவுக்கு வயது 71. ஷா ஆலாமிலிருக்கும் அண்ணன் குடும்ப வாட்ஸ்அப்பில் தீர்ப்பே எழுதிவிட்டான்: "காடியை இரும்புக்கடையில போட்டுடலாம். அப்பாவும் ஓட்டுறத நிறுத்திக்கட்டும்." அப்பா பதில் எழுதவில்லை. அவர் பதில் எழுதாவிட்டால் அது கோபம் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

போன மாதம் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். நான் மெக்கானிக் இல்லை. படித்தது ஊடகத் துறை. என்னிடம் இருந்தது காது மட்டும்தான். வானொலி நிலையத்தில் ஒலிபரப்புக்கு நடுவே எங்கிருந்தோ 'உஸ்ஸ்' என்று இரைச்சல் வந்தால், எந்தக் கருவியையும் உடனே மாற்ற மாட்டோம். ஒவ்வொரு கம்பியாகக் கழற்றிக் கழற்றி, எதைக் கழற்றும்போது இரைச்சல் போகிறது என்று பார்ப்போம். அதே வேலைதான் இதுவும் என்று நினைத்துத்தான் இறங்கினேன்.

அப்பா ஏற்கெனவே செலவழித்திருந்தார். முதலில் நான்கு பிளக். பிறகு ஒரு பட்டறையில், "கார்புரேட்டர் செத்துப்போச்சு அங்கிள்" என்று சொல்லி 380 வெள்ளிக்குப் புதிது ஒன்றை மாட்டி அனுப்பினார்கள். மூன்று வாரம் நன்றாக ஓடியது. பிறகு அதே விளக்கு, அதே குலுக்கல். அந்த மூன்று வாரம் ஏன் நன்றாக ஓடியது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போதைய கார் வைத்திருக்கும் இளைஞர்களுக்கு ஒரு சிறு விளக்கம். உங்கள் வண்டியில் எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்பதைக் கணினி முடிவு செய்கிறது. கோளாறு என்றால் ஒரு கருவியைச் செருகினால் எண்ணாகச் சொல்லிவிடும். 1985 ஜூலை 9-ஆம் தேதி டாக்டர் மகாதீர் அறிமுகம் செய்த முதல் சாகாவுக்கு அந்த வசதி கிடையாது. மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயைத் தழுவிய வண்டி அது, 1.3 லிட்டர் இயந்திரம், அதன் தலைமேல் ஒரு கார்புரேட்டர். தோட்டத்து வீடுகளில் கொசுமருந்து அடிக்கும் கை பம்ப் ஞாபகம் இருக்கிறதா? காற்றை வேகமாகத் தள்ளினால், கீழே டப்பாவில் இருக்கும் மருந்து தானாக மேலேறித் தூறலாகப் பறக்கும். கார்புரேட்டரும் அவ்வளவுதான். இயந்திரம் மூச்சை இழுக்கிறது. காற்று ஒரு குறுகலான கழுத்தில் விரைகிறது. அங்கே அழுத்தம் குறைய, பெட்ரோல் உறிஞ்சப்பட்டுக் காற்றோடு கலக்கிறது. 1893-இல் வில்ஹெல்ம் மேபேக் இந்தத் தெளிக்கும் முறையைக் கண்டுபிடித்தார். நூறு ஆண்டுக்கு உலகம் அதில்தான் ஓடியது.

காலையில் பசியாறிவிட்டு, 'ஸ்டார்ட் ஆகாதது' வேறு, 'ஸ்டார்ட் ஆகி நிற்காதது' வேறு என்று முதலில் பிரித்துக்கொண்டோம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பணம் போகிறது.

ஸ்டார்ட் ஆகாத காருக்குக் காற்று வடிகட்டியின் மூடியைக் கழற்றுங்கள். இயந்திரம் அணைந்திருக்கட்டும், யாரும் பக்கத்தில் சிகரெட் பிடிக்க வேண்டாம். கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் கம்பியைக் கையால் இழுத்தால், உள்ளே ஊசி போல் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சினால் கிண்ணத்தில் எண்ணெய் இருக்கிறது. குறை வேறு எங்கோ. பீய்ச்சாவிட்டால் பம்ப், வடிகட்டி, குழாய் என்று பின்னோக்கிப் போக வேண்டும். நாலு நாள் நிறுத்தி வைத்த பழைய காரில் கிண்ணம் காய்ந்திருப்பது சகஜம். இயந்திரமே ஓட்டும் பழைய பம்ப் அதை மறுபடி நிரப்புவதற்குள் பேட்டரி களைத்துவிடும். வெடுக் வெடுக்கென்று சாவியைத் திருகாமல், பத்து விநாடி சுழற்றி, ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்து மறுபடி சுழற்றுங்கள்.

அதே வாயில் மேலே ஒரு தகடு தெரியும். அதுதான் சோக். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது அது மூடியிருக்க வேண்டும், சூடானதும் செங்குத்தாகத் திறந்துவிட வேண்டும். திறக்காமல் சிக்கிக்கொண்டால் கரும்புகை. பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி போல் இருக்கும். எங்கள் பிளக்குகள் வெளிர் காப்பி நிறத்தில் இருந்தன. அதாவது எரிவது நன்றாகத்தான் எரிகிறது. அப்பா ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்துவிட்டு, "இத மாத்தினதே வீண்தானா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

இடையில் ஒன்று. கார்புரேட்டர் வண்டியில் கேமரன் மலை ஏறுகிறவர்கள் லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சியில் நிறுத்தி, பலகாரம் வாங்கி, படம் எடுத்துவிட்டு வந்தால் கார் கிளம்பாது. கார் கெட்டுவிடவில்லை. ஏற்றத்தில் கொதித்த இயந்திரத்தின் சூட்டில் கிண்ணத்துப் பெட்ரோல் பொங்கி உள்ளே வழிந்திருக்கும். மிதியைப் படக் படக்கென்று அடிக்காதீர்கள். இன்னும் எண்ணெய்தான் சேரும். அடிவரை அழுத்திப் பிடித்தபடியே சுழற்றுங்கள். காற்று அதிகம் புகுந்து ஈரம் காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். தானா ராத்தாவுக்கு 1,400 மீட்டருக்கு மேல் உயரம். காற்று அங்கே மெல்லியது, கார்புரேட்டருக்கு அது தெரியாது, கீழே கொடுத்த அதே அளவு பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டிருக்கும். மேலே வண்டி கொஞ்சம் மந்தமாக ஓடினால் திருகாணியில் கை வைக்க வேண்டாம். தாப்பாவுக்கு இறங்கியதும் சரியாகிவிடும்.

சரி, எங்கள் கதைக்கு வருவோம். எங்கள் வண்டி காலையில் ஒழுங்காகக் கிளம்பியது. ஓடும்போது குறையில்லை. நிற்கும்போதுதான் சாகிறது. ஏன் நிற்கும்போது மட்டும்?

மிதியிலிருந்து காலை எடுத்ததும் கார்புரேட்டரின் கீழ்த்தகடு ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. இயந்திரமோ மூச்சை இழுத்துக்கொண்டே இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு உறிஞ்சினால் எப்படி இருக்கும்? உள்ளே கடுமையான வெற்றிடம். அந்த நேரத்தில் எங்காவது ஒரு ரப்பர் குழாயில் கீறல், ஒரு கேஸ்கெட்டில் இடைவெளி இருந்தால் அதன் வழியே கணக்கில் இல்லாத காற்று புகுந்துவிடும். நெடுஞ்சாலையில் அந்தக் காற்று, கடலில் கரைத்த பெருங்காயம். சமிக்ஞை விளக்கில் அதுவே ஆளைக் கொல்லும்.

முதலில் சின்னச் சோதனை: சாவியை 'ஆன்' நிலைக்கு மட்டும் திருப்பினால் கார்புரேட்டரின் பக்கத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். நின்ற ஓட்டத்துக்கான எண்ணெய்ப் பாதையைத் திறக்கும் மின்வால்வு அது. அது செத்தாலோ, அதன் கம்பி கழன்றாலோ, காலால் மிதித்துக்கொண்டே இருந்தால்தான் வண்டி உயிரோடிருக்கும். எங்களுடையது டிக்கியது.

பிறகு ஒரு மீட்டர் ரப்பர் குழாயை எடுத்து ஒரு நுனியைக் காதில் வைத்துக்கொண்டேன். டாக்டர் மாதிரி. மறுநுனியை, விசிறிக்கும் பெல்ட்டுக்கும் படாமல், ஒவ்வொரு குழாய் இணைப்பாக நகர்த்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் நின்று, "ரேடியோவுல நேயர் அழைப்பு வருதாம்மா?" என்று கேட்டார். கேஸ்கெட் ஓரம் அமைதி. காற்று வடிகட்டிக் குழாய் அமைதி. எங்கும் 'உஸ்' இல்லை. ஏமாற்றமாக இருந்தது. இயந்திரம் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

அப்போதுதான் உறைத்தது. விளக்கில் அப்பா சும்மா நிற்பதில்லை, பிரேக்கை மிதித்துக்கொண்டு நிற்கிறார்.

"அப்பா, ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதிங்க."

மிதித்தார். இயந்திரம் குலுங்கியது. காருக்குள் தலையை விட்டேன். மிதிக்குப் பின்னாலிருந்து, ஸ்டூடியோவில் ஆயிரம் தடவை கேட்ட அதே 'உஸ்ஸ்ஸ்'.

பிரேக் பூஸ்டர். முன்பக்கத்தில் கறுப்புச் சட்டி போல் இருக்குமே, அது. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. நாம் மிதியைத் தொட்டதும் இயந்திரத்தின் வெற்றிடம் அந்தச் சவ்வை இழுத்து, நம் காலுக்குத் துணையாக அழுத்துகிறது. சவ்வு கிழிந்திருந்தால், மிதிக்கும்போதெல்லாம் வெளிக்காற்று கிழிசல் வழியாக நேரே இயந்திரத்துக்குள் போகும். மிதிக்காதபோது ஒன்றும் தெரியாது. பூஸ்டருக்குப் போகும் குழாயைத் துணி சுற்றிய குறட்டால் இறுக்கிப் பிடித்தேன். அப்பா மறுபடி மிதித்தார். இயந்திரம் அசையவே இல்லை. விட்டேன், குலுங்கியது. பிடித்தேன், நின்றது. நிறுத்தி வைத்த காரில் மட்டும் செய்கிற சோதனை இது. குழாயை அடைத்துக்கொண்டு சாலையில் இறங்கக் கூடாது.

இன்னொரு சோதனை யாரும் செய்யலாம். இயந்திரத்தை அணைத்துவிட்டு, மிதி கல்லாக இறுகும்வரை நாலைந்து முறை மிதியுங்கள். அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பூஸ்டர் நன்றாக இருந்தால் மிதி காலுக்கடியில் லேசாக இறங்கும். எங்களுடையது இறங்கவில்லை.

இப்போது அந்த மூன்று வாரம். பட்டறைக்காரர் புதிய கார்புரேட்டரை மாட்டியபோது நின்ற ஓட்டத்தைத் திருகாணியால் கூட்டி வைத்திருக்கிறார். நிமிடத்துக்கு 800 சுற்று அளவில் இருக்க வேண்டியது 1,200-ஐத் தாண்டியிருந்தது. அந்த வேகத்தில் இயந்திரம் கொஞ்சம் திருட்டுக் காற்றைத் தாங்கிக்கொள்ளும். கிழிசல் வளர்ந்தது, தாங்க முடியவில்லை. அந்த ஒரு திருகாணி பல நோய்களை மறைக்கும். அதைத் தொடுவது கடைசி வேலையாக இருக்கட்டும்: கசிவை அடைத்து, இயந்திரம் சூடாகி, சோக் முழுதாகத் திறந்த பிறகு.

எனக்குக் கண்டுபிடித்த சந்தோஷம். திரும்பிப் பார்த்தால் அப்பா இன்னும் இருக்கையில், இரண்டு கையும் ஸ்டீரிங்கில். ஒன்றும் பேசவில்லை.

"என்னப்பா?"

"பிரேக் கெட்டியா இருந்துச்சும்மா. ஆறேழு மாசமாவே. ரொம்ப அழுத்த வேண்டியிருந்துச்சு. என் கால்ல பலம் போயிடுச்சுன்னு நினைச்சேன்."

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சாவியை வாங்கிவிடுவோம் என்று அவருக்குத் தெரியும். நாங்களும் வாங்கித்தான் இருப்போம். அம்மாவை ஏற்றிக்கொண்டு, பாதித் துணைகூட இல்லாத பிரேக்கில், அந்தக் காலால் ஆறேழு மாதம் அழுத்தி அழுத்தி ஓட்டியிருக்கிறார்.

அன்றே காரை நிறுத்திவிட்டோம். பிரேக் விஷயத்தில் என் காது போதாது. அப்பாவுக்குத் தெரிந்த ஒரு பழைய மெக்கானிக் அண்ணன் பீடோரிலிருந்து வந்து பார்த்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, தாமே ஒருமுறை மிதித்துப் பார்த்து, "சரிதான் தங்கச்சி, சவ்வுதான்" என்றார். பழைய சாமான் கடையிலிருந்து நல்ல பூஸ்டர் ஒன்று தேடிப் பிடித்தார். கூடவே புதுக் குழாயும் அதிலுள்ள ஒருவழி வால்வும் மாற்றினார். எல்லாம் 260 வெள்ளி. சக்கரங்களில் பிரேக்கையும் கழற்றிப் பார்த்தார். அவை சரியாக இருந்தன. கடைசியில்தான் திருகாணியை இறக்கினார். 800-இல் நின்றது. அந்த இரண்டு நாளும் அம்மாவை என் காரில் அழைத்துப் போனேன். பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்த அப்பா, நான் பிரேக் பிடித்த ஒவ்வொரு முறையும் தன் வலது காலை அழுத்தினார். கண்ணாடியில் பார்த்தேன்.

திங்கள்கிழமை நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது அப்பா அழைத்தார். விளக்கில் இரண்டு தடவை சிவப்பு மாறுகிற அளவுக்கு நெரிசலாம், கார் நிற்கவில்லையாம், அம்மா எழுந்திருக்கவே இல்லையாம். அண்ணனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றேன். வாட்ஸ்அப்பில் அன்றிரவு ஒரு படம் வந்தது: கழற்றிய பூஸ்டரின் கிழிந்த சவ்வு, பக்கத்தில் அளவுக்கு ஒரு இருபது காசு. எழுத்து ஒன்றுமில்லை.

முதலில் கழற்றிய பழைய கார்புரேட்டர் இன்னும் வீட்டில், பிஸ்கட் டின்னில் இருக்கிறது. குறையே இல்லாத பொருள், கழுவி மறுபடி மாட்டலாம் என்கிறார் அப்பா. அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.