மலைக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கா?

அசோக் பில்லர் சிக்னல். பைக்கில் என் பின்னால் ப்ளஸ் டூ படிக்கும் அக்கா பையன். சிவப்பு விழுந்தபிறகும் ஒரு ஷேர் ஆட்டோ சீறிக்கொண்டு போனது.

'மாமா, ஒளியைவிட வேகமா ஏதாவது போகுமா?'

'இப்பப் போச்சே, பார்க்கலையா?'

பையன் சிரிக்கவில்லை. ட்யூஷனில் இதையே கேட்டானாம். 'சிலபஸ்ல இருக்கிறதை மட்டும் கேளு' என்று உட்கார வைத்துவிட்டார்களாம். முகம் வாடியிருந்தது.

நான் பி.காம். நெகடிவ் என்றால் எனக்கு இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் பாங்க் பாலன்ஸ்தான். ஆனாலும் மாமா என்று ஒரு கௌரவம் இருக்கிறதே! ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். பார்த்தால், அதே கேள்வியைக் கேட்டவர் நம்ம தாம்பரத்தில் படித்த ஆசாமி!

இ.சி.ஜி. சுதர்சன். கோட்டயத்துக்காரர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் 1951-ல் பட்டம் வாங்கியவர். 1962-ல், முப்பது வயதில், பிலானியுக், தேஷ்பாண்டே என்ற இருவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். ஐன்ஸ்டைன் கணக்குப்படி, எந்தப் பொருளையும் ஒளி வேகத்துக்குத் தள்ள முடியாது. முடிவில்லாத சக்தி வேண்டும். சரி, பிறக்கும்போதே ஒளியை மிஞ்சிய வேகத்தோடு ஒரு துகள் பிறந்திருந்தால்? அதைக் கணக்கு தடுக்கவில்லையே என்றார்கள்.

சுதர்சன் இதற்கு ஓர் உதாரணம் சொல்வார். இமயமலையை யாராலும் தாண்ட முடியாது, அதனால் அந்தப் பக்கம் ஜனங்களே கிடையாது என்று ஒருத்தர் சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? அவர்கள் அங்கேயே பிறந்தவர்கள் ஸ்வாமி!

இந்தத் துகளுக்கு 1967-ல் ஃபைன்பெர்க் வைத்த பெயர் டேக்கியான். இதன் நிறையின் வர்க்கம் நெகடிவ். சாதா எண் எதை வர்க்கம் செய்தாலும் நெகடிவ் வராது. ஆகவே நிறையே ஒரு கற்பனை எண். இதற்குச் சக்தி குறையக் குறைய வேகம் கூடும். (சம்பளப் பணமும் அப்படித்தான். குறையக் குறைய வேகமாகக் கரையும்.)

அடுத்த ஞாயிறு, அதே சிக்னலில் சொல்லி முடித்தேன்.

'கண்டுபிடிச்சுட்டாங்களா மாமா?'

'இல்லைடா.' 2011-ல் ஒரு பரபரப்பு. ஜெனீவா பக்கத்திலிருந்து அனுப்பிய நியூட்ரினோக்கள் 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலியில், ஒளியைவிட 60 நானோ செகண்ட் முன்னால் வந்துவிட்டன என்றார்கள். 2012-ல் பார்த்தால், கேபிளைச் சரியாகச் செருகவில்லை! நம்ம வீட்டு டி.வி.க்கு மட்டும்தான் இந்தக் கதி என்று நினைத்திருந்தேன்.

சுதர்சன் 1980-களில் தரமணி கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராக வந்தார். 2018-ல் காலமானார். டேக்கியான் இன்னும் அகப்படவில்லை. அதனால் அவர் கேட்டது தப்பாகிவிடுமா?

'அவருக்கு இது சிலபஸ்ல இருந்துச்சா மாமா?'

'இருந்திருக்காது.'

பையன் முதல் தடவையாகச் சிரித்தான். பச்சை விழுந்தது. பின்னாலிருந்து பத்து ஹார்ன்.

'நாளைக்கு ட்யூஷன்ல மறுபடியும் கேட்கட்டுமா?'

'கேளு' என்றேன். அக்காவிடம் என்ன சொல்வது என்றுதான் யோசிக்கிறேன்.