பாய்ந்தால் போச்சு!

குதிரைப் பந்தயம் என்றாலே நாலுகால் பாய்ச்சல்தானே? பாரிஸின் வின்சென் திடலில் ஜனவரிதோறும் நடக்கும் ‘பிரி தமெரிக்’ அப்படியல்ல. இருசக்கர வண்டியை இழுத்தபடி, குதிரை ‘டிராட்’ நடையிலேயே ஓட வேண்டும். பாய்ச்சலில் தொடர்ந்தால் பந்தயத்திலிருந்தே நீக்கம்! முதல் உலகப் போரில் தோள்கொடுத்த அமெரிக்கர்களுக்கு நன்றி சொல்ல 1920-இல் தொடங்கிய பந்தயம் இது.

‘சோம்பேறி ராஜா’ எனச் செல்லப்பெயர் பெற்ற ஊராசி 1986, 1987, 1988 என வரிசையாக வென்றது. 1989-இல் தோற்றது. கதை முடிந்ததா? 1990-இல் மீண்டும் வென்று, நான்கு முறை வென்ற முதல் குதிரையானது.

எனக்குப் பிடித்தது, அந்த ஓட்டுநரின் கடிவாளப் பிடிதான். தளர்த்தினால் குதிரை பாயும், இறுக்கினால் பின்தங்கும். மைக் முன் நேரம் நெருக்கும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்கிறேன். வேகம் வேண்டும்தான், நேயர்களே, நடை தவறக்கூடாது.