நாடகத்திற்குள் பிள்ளைகளுக்கான இடம்

தொழில்முறை நாடகக் குழுக்களும் இசைக்குழுக்களும் ஓர் ஊரின் பள்ளிப் பிள்ளைகளைத் தங்கள் மேடை நிகழ்வில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஐரோப்பிய அரங்கில் ஒரு தனித்துறையாகவே வளர்ந்திருக்கிறது. ஊதியம் பெறும் கலைஞர்கள் ஒருபுறமும், பள்ளிகள், பெற்றோர், உள்ளாட்சி அமைப்புகள், பயில்முறைக் குழுக்கள் (அதாவது வேறு தொழில் செய்துகொண்டே கலையைப் பயில்வோரின் குழுக்கள்) ஆகியவை மறுபுறமும் நின்று, யார் எதற்குப் பொறுப்பு என்பதை முன்கூட்டியே வகுத்துக்கொண்டு ஒரே படைப்பை மேடையேற்றும் முறையைச் சமூகக் கூட்டாண்மை அரங்கு எனலாம். இத்துறை பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒத்திகை அறையிலேயே தொடங்குகிறது. பிள்ளைகளின் கவனத்தை எப்படி நிலைநிறுத்துவது, கூச்சத்தை எப்படிப் போக்குவது, குரலை எப்படி எழுப்புவது என்ற கேள்விகளே அதில் நிறைந்திருக்கின்றன. இவை தேவையான கேள்விகளே. ஆயினும் பிள்ளைகளின் பங்கு மெய்யானதா, வெறும் அலங்காரமா என்பது ஒத்திகைக்கு வெகு முன்பே, படைப்பு எழுதப்படும்போதோ தேர்ந்தெடுக்கப்படும்போதோ முடிவாகிவிடுகிறது என்பதும், அங்கே நேர்ந்த குறையை எந்த நெறியாளரின் திறமையும் பின்னர் ஈடுசெய்ய இயலாது என்பதும் இவ்விதழின் உறுதியான கருத்து.

இக்கருத்துக்கு மிகத் தெளிவான சான்று பெஞ்சமின் பிரிட்டன் இயற்றிய 'நோயேஸ் ஃப்ளட்' என்னும் இசைநாடகம். இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் ஓர்ஃபோர்ட் என்னும் சிற்றூரின் தேவாலயத்தில், ஆல்டபரோ இசைவிழாவின் பகுதியாக 1958ஆம் ஆண்டு ஜூன் 18 அன்று அது முதன்முறை நிகழ்த்தப்பட்டது. நோவாவின் பேழையையும் பெருவெள்ளத்தையும் பற்றிய அதன் பாடல்வரிகள் செஸ்டர் நகரின் இடைக்கால விவிலிய நாடகத் தொகுதியிலிருந்து எடுக்கப்பட்டவை. அந்நகரில் ஒவ்வொரு நாடகத்தையும் ஒவ்வொரு தொழிலினரின் சங்கம் பொறுப்பேற்று நடத்தி வந்தது என்பதும், வெள்ளத்தின் கதை டீ ஆற்றிலிருந்து நீர் எடுத்து வழங்குவோரின் சங்கத்திற்கு உரியதாயிருந்தது என்பதும் இங்கே கருதத்தக்கவை. ஊர் மக்கள் தாமே நடித்த நாடகத்தை மீண்டும் ஊர் மக்களிடமே ஒப்படைக்கும் நோக்கம் பிரிட்டனின் தேர்விலேயே அடங்கியிருந்தது. நாடக அரங்கு அல்லாத பெரிய கட்டடத்தில், இயன்றால் தேவாலயத்தில், இப்படைப்பு நிகழ்த்தப்பட வேண்டும் என்பதையும் அவர் விதித்தார்.

நோவா, அவர் மனைவி ஆகிய இரு பாட்டுப் பாத்திரங்களும், பேச்சாக மட்டும் ஒலிக்கும் இறைவனின் குரலும் பெரியவர்களுக்கு உரியவை. நோவாவின் புதல்வர்கள், அவர்களின் மனைவியர், அண்டை வீட்டுப் பெண்கள், பேழைக்குள் நுழையும் விலங்குகள், பறவைகள் ஆகிய அனைத்தும் பிள்ளைகளுக்கு உரியவை. இவ்வளவோடு நின்றிருந்தால் இது பல பள்ளி நாடகங்களில் ஒன்றாகவே இருந்திருக்கும். இப்படைப்பின் தனிச்சிறப்பு அதன் இசைக்குழுவின் அமைப்பில் இருக்கிறது. தொழில்முறைக் கலைஞர்களின் சிறு குழு ஒன்று மையத்தில் இருக்க, அதைச் சூழ்ந்து பிள்ளைகளின் பெரிய இசைக்குழு வாசிக்கிறது. அப்பிள்ளைகளின் வயலின் பகுதியைப் பிரிட்டன் மூன்று தரமாகப் பிரித்து எழுதினார். ஓரளவு தேர்ந்தவர்கள் இடக்கையை மேல் நிலைக்கு நகர்த்தி வாசிக்கும் பகுதி ஒன்று. தொடக்க நிலையை விட்டு நகராமல் வாசிக்கத்தக்கது மற்றொன்று. மூன்றாவது, விரலை எங்கும் அழுத்தாமல் திறந்த தந்திகளையே நெடுநேரம் மீட்டி வாசிக்கும் அளவுக்கு எளியது. அண்மையில்தான் வயலினைக் கையில் எடுத்த ஒரு பிள்ளை, தன்னால் இன்று இயன்றதை மட்டும் வாசித்தே ஒரு பெரும் இசைநாடகத்தின் ஒலியில் தவிர்க்க முடியாத பகுதியாகிறது. அந்த மூன்றாம் பகுதியை நீக்கினால் இசையின் அடித்தளமே மெலிந்துவிடும் வண்ணம் அது எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் இங்கே முதன்மையான செய்தி.

மற்றக் கருவிகளின் தேர்வும் அந்த வட்டாரத்துப் பள்ளிகளில் உண்மையில் என்ன இருந்தது என்பதைக் கேட்டறிந்து செய்யப்பட்டதாகும். விலங்குகளின் ஊர்வலத்தில் முழங்கும் ஊதுகொம்புகளும், வானவில் தோன்றும்போது ஒலிக்கும் கைமணிகளும் அவற்றை ஏற்கெனவே பயின்றுகொண்டிருந்த மாணவரை எண்ணியே சேர்க்கப்பட்டன. முதல் மழைத்துளிகளின் ஒலிக்காகப் பீங்கான் குவளைகளைக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டு மரக்கரண்டியால் தட்டும் உத்தி, பிரிட்டனின் உதவியாளரும் நெடுங்காலம் பயில்முறை இசைஞர்களுக்குக் கற்பித்தவருமான இமோஜென் ஹோல்ஸ்ட் வழியாக வந்தது. இங்கே தொழில்முறைக் கலைஞர் தம் தரத்தைத் தாழ்த்திக்கொள்ளவும் இல்லை, பிள்ளைகள் தம்மால் இயலாததைச் செய்வதுபோல் நடிக்கவும் இல்லை. இரு தரப்பின் திறனையும் அளந்து இரண்டும் சந்திக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் வேலையைப் படைப்பாளியே முன்கூட்டிச் செய்து முடித்துவிட்டார். அரங்கில் அமர்ந்தவர்களுக்கும், அவர்கள் அறிந்த மூன்று வழிபாட்டுப் பாடல்களை எழுந்து நின்று சேர்ந்து பாடும் பொறுப்பு உண்டு என்பதால், பிள்ளையின் பெற்றோரும் வெறும் பார்வையாளராக இருந்துவிட முடியாது.

எல்லாக் குழுக்களுக்கும் ஒரு பிரிட்டன் வாய்க்கமாட்டார் என்பது உண்மையே. புதிதாக எழுத இயலாதபோது பழைய நாடகங்களுள் இத்தகைய இடம் இயல்பாகவே அமைந்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே வழி. இங்கிலாந்தின் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி, ஷேக்ஸ்பியர் மறைந்த 400ஆம் ஆண்டாகிய 2016இல் எரிக்கா வைமனின் நெறியாள்கையில் 'நடுவேனிற் கனவு' நாடகத்தை நாடு முழுவதும் கொண்டுசென்றபோது, அரசவையினரும் காதலர்களும் முதன்மைத் தேவதைகளும் தொழில்முறை நடிகர்களாக இருக்க, நெசவாளர் பாட்டமும் அவர் தோழர்களுமாகிய கைவினைஞர் பாத்திரங்களை ஒவ்வோர் ஊரிலும் அந்தந்த ஊரின் பயில்முறை நாடகக் குழு ஏற்றது. தேவதை அரசி டைட்டானியாவின் பரிவாரமாக அவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகள் வந்தனர். இத்தேர்வின் நுட்பம் நாடகத்தின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. கைவினைஞர்கள் கதையிலும் தொழில்முறையற்ற நடிகர்களே. ஆதலால் உள்ளூர்க் குழுவின் பேச்சு வழக்கும் உடல்மொழியும் பாத்திரத்திற்கு வலுச் சேர்க்கின்றன. பரிவாரமோ மொழியைவிடக் கூட்ட இயக்கத்தாலும் பாட்டாலும் இயங்குவது. ஊருக்கு ஊர் வேறு பிள்ளைகள் வந்தாலும் நாடகத்தின் உலகம் குலைவதில்லை. இதற்கு மாறாக, கதைத்தலைவனின் மகனாக ஒரே ஒரு சிறுவன் தேவைப்படும் நாடகத்தை எடுத்துக்கொண்டு, இடைவேளைக்குப் பின் நாற்பது பிள்ளைகளைத் திருவிழாக் கூட்டமாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு அதைக் கூட்டாண்மை என்று அழைக்கும் குழுக்கள் அப்பிள்ளைகளின் உறவினர்களுக்கு நுழைவுச்சீட்டு விற்கின்றன. அதற்குமேல் அங்கே எதுவும் நிகழ்வதில்லை.

பெர்லின் நகரில் 2003ஆம் ஆண்டு தொடக்கத்தில் நிகழ்ந்த முயற்சி மற்றொரு கோணத்தைக் காட்டுகிறது. சைமன் ராட்டிலின் தலைமையில் பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழு ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு' இசையை வாசிக்க, நகரின் பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 250 பிள்ளைகளும் இளைஞர்களும் அதற்கு ஆடினர். நடனத்தை அமைத்தவர் ராய்ஸ்டன் மல்டூம். நடனப் பயிற்சியே இல்லாத, பல நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்த பலர் அவர்களுள் இருந்தனர். இம்முயற்சியைப் பதிவுசெய்து 2004இல் வெளிவந்த 'ரிதம் இஸ் இட்!' என்னும் ஆவணப்படம், மல்டூம் அமைதியையும் ஒருமுகப்பட்ட கவனத்தையும் விடாப்பிடியாகக் கோரியதையும், இக்கண்டிப்புப் பிள்ளைகளுக்குத் தாங்குமா என்று ஆசிரியர் கவலைப்பட்டதையும் மறைக்காமல் காட்டுகிறது. இவ்விருவருள் ஒருவர் சரி, மற்றவர் தவறு என்று தீர்ப்புச் சொல்ல இயலாது. பிள்ளைகளிடம் உயர்ந்ததை எதிர்பார்ப்பது அவர்களுக்குத் தரும் மதிப்பு என்ற கலைஞரின் நிலைப்பாடும், நிகழ்வு முடிந்த மறுநாள் அதே பிள்ளைகளை வகுப்பில் எதிர்கொள்ளப் போகிறவரின் எச்சரிக்கையும் ஒருசேர இருக்கும்போதுதான் இத்தகைய பணி பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானதாகவும் பயனுள்ளதாகவும் அமைகிறது. ஆசிரியரை வருகைப் பதிவேட்டோடு ஒத்திகைக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் துணையாளராக மட்டும் கருதும் குழு அந்த எச்சரிக்கையைத் தானே இழந்துவிடுகிறது.

கூட்டாண்மை என்பது நடைமுறையில் பெரும்பாலும் நாட்காட்டி பற்றியதாகும். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளும் பள்ளி விழாக்களும் எந்த வாரங்களில் வருகின்றன, கடைசிப் பேருந்தில் வீடு திரும்பும் பிள்ளைகள் யார், மாலை ஒத்திகையில் அவர்களுக்கு உணவு தருவது யார், முதல் அணியில் ஒரு பிள்ளை நோயுற்றால் அதன் இடத்தை ஏற்க இரண்டாம் அணி ஆயத்தமாக இருக்கிறதா என்பவை கலை சார்ந்த கேள்விகளைப் போலவே முக்கியமானவை. உணவும் பயணமும் குழுவின் செலவுக் கணக்கில் முதலிலேயே இடம்பெறாவிட்டால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே இறுதி ஒத்திகை வரை நீடிப்பார்கள். சமூகம் என்ற சொல்லுக்கு அங்கே பொருள் இராது.

சட்டக் கடமைகளைப் பொறுத்தவரை, இந்தியாவில் பணியாற்றும் குழுக்கள் 2016ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத் திருத்தத்தையும், அதன்கீழ் 2017இல் வெளியான விதிகளையும் கட்டாயம் படித்திருக்க வேண்டும். வணிக நோக்கிலான நிகழ்வில் 14 வயதுக்குட்பட்ட குழந்தையைக் கலைஞராகப் பங்கேற்கச் செய்பவர் அம்மாவட்ட ஆட்சியரின் அனுமதியைப் பெற வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரத்திற்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து 3 மணி நேரத்திற்கு மேலும் பணியில் வைத்திருக்கக் கூடாது. 5 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற அளவிலாவது பொறுப்பாளரை அமர்த்த வேண்டும். பள்ளிப் படிப்பு தடைபடக் கூடாது. குழந்தையின் வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காடு அதன் பெயரில் வைப்புநிதியாகச் சேர வேண்டும் என்பவை அவ்விதிகளின் சாரம். இங்கிலாந்தில் உள்ளாட்சி அமைப்பு உரிமம் வழங்கும் முறை நிலவுகிறது. அங்கே ஒரு காப்பாளரின் பொறுப்பில் 12 பிள்ளைகளுக்கு மேல் இருக்கலாகாது. பள்ளியோடு இணைந்து செய்வதால் இவ்விதிகள் தமக்குப் பொருந்தா என்று குழுக்கள் தாமே முடிவுசெய்துகொள்வது ஆபத்தானது. நுழைவுச்சீட்டு விற்று வருமானம் ஈட்டும் நிகழ்வில், அவ்வருமானத்திற்குக் காரணமானவர்களுள் பிள்ளைகளும் உள்ளனர் என்பதை ஒப்புக்கொண்டு அவர்களுக்கும் பள்ளிக்கும் சேர வேண்டிய பங்கை எழுத்து வடிவில் வகுப்பதே நேர்மை.

தமிழ் அரங்கில் இவ்விவாதத்திற்குத் தனி முக்கியத்துவம் உண்டு; ஏனெனில் பிள்ளைகளைத் தொழில்முறை மேடையின் மையத்திலேயே நிறுத்திய வரலாறு தமிழுக்கு இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும், மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி போன்ற பிற பாலர் சபைகளும் டி. கே. எஸ். சகோதரர்கள், எம். ஜி. ராமச்சந்திரன் உள்ளிட்ட பலரைச் சிறுவயதிலேயே நடிகர்களாக்கின. சிறுவனாயிருந்த டி. கே. சண்முகம் அபிமன்யுவாக நடிப்பதற்கென்றே சுவாமிகள் ஒரே இரவில் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை எழுதினார் என்பது சண்முகமே பதிவுசெய்துள்ள செய்தி. நடிக்கப்போகும் பிள்ளையின் குரலையும் நினைவாற்றலையும் மனத்தில் கொண்டு எழுதுவது பிரிட்டனுக்கு முன்பே தமிழ் நாடகாசிரியருக்குக் கைவந்திருந்தது என்று பெருமையோடு சொல்லலாம். ஆனால் அந்தச் சிறுவர்கள் பள்ளியை விட்டு, வீட்டை விட்டு, குழுவோடு ஊர் ஊராகச் சென்றவர்கள். கலை அவர்களுக்குக் கிடைத்தது, ஏட்டுக் கல்வி நின்றுபோயிற்று. இன்றைய பள்ளி ஆண்டுவிழாக்களில் நிலைமை தலைகீழாக இருக்கிறது: பள்ளி இருக்கிறது, தேர்ந்த கலைஞரின் துணை அரிதாகவே கிடைக்கிறது, ஒலிப்பதிவுக்கு வாயசைத்து ஆடுவதே பெரும்பாலான பிள்ளைகள் அறியும் மேடை அனுபவமாக முடிந்துவிடுகிறது. 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவிய குழந்தை ம. சண்முகலிங்கம், 'கூடி விளையாடு பாப்பா' போன்ற சிறுவர் நாடகங்களின் வழியே இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு பாதையை வகுத்தார். தேர்ந்த நாடக அறிவு பள்ளியின் வாசலுக்கு வந்து, பிள்ளைகளின் விளையாட்டிலிருந்தே வடிவத்தை எடுத்துக்கொண்ட முயற்சி அது. தொழில்முறைக் குழுக்களின் மேடைக்கும் பள்ளிகளுக்கும் இடையே அப்பாதை இன்னும் நீட்டப்படவில்லை.

அடுத்த பருவத்திற்கான நாடகத்தைத் தேர்ந்தெடுக்கவிருக்கும் குழுக்களிடம் இவ்விதழ் ஒன்றை வேண்டுகிறது. பிள்ளைகளைச் சேர்க்கும் எண்ணம் இருந்தால், நாடகம் முடிவாவதற்கு முந்தைய கூட்டத்திற்கே அவ்வூர்ப் பள்ளி ஒன்றின் ஆசிரியரை அழைத்து, அப்பள்ளியில் எத்தனை பிள்ளைகள் பறை அடிக்கிறார்கள், எத்தனை பேர் பாடுகிறார்கள், எத்தனை பேர் இதுவரை எந்த மேடையிலும் ஏறியதில்லை என்று கேட்டறிந்த பிறகே பிரதியைத் தேர்ந்தெடுங்கள்.