ரிட்டயர்டு ரயில் பெட்டிக்கு வீடு வேண்டும்... திருச்செங்கோட்டில் கிடைக்குமா?

திருச்செங்கோட்டுக்கு ரயிலில் வர முடியாது. அர்த்தநாரீஸ்வரர் மலை ஏற வருகிறவர்கள் சங்ககிரியிலோ ஈரோட்டிலோ இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். தண்டவாளமே இல்லாத ஊரில் ரயில் பெட்டிக்கு என்ன வேலை?

வேலை இருக்கிறது. திருச்செங்கோட்டைச் சுற்றியுள்ள ரோடுகளில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளைப் பார்த்திருப்பீர்கள். கேபின்கூட இல்லாத வெறும் சேஸ், டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டிவர, உள்ளே போகும். வெளியே வரும்போது கலர் கலராக முழு லாரி! உள்ளே தச்சர், வெல்டர், டிங்கர், பெயிண்டர், சீட் தைப்பவர் என ஐந்து கைகள் பட்டிருக்கும். பழைய ரயில் பெட்டி ஒன்றைப் பழையபடி ஆக்கவும் இதே ஐந்து கைகள்தான் வேண்டும்.

அப்படிப்பட்ட கைகளுக்காகக் காத்திருக்கும் பெட்டிகளின் எண்ணிக்கை இனி வருடா வருடம் கூடப்போகிறது.

நீலப் பெட்டி வீட்டுக்குப் போகிறது

எல்லோரும் ஏறிய அந்த நீலப் பெட்டியின் கதை 1955 அக்டோபர் 2-ல் தொடங்குகிறது. சென்னை பெரம்பூரில் ஐ.சி.எஃப் தொழிற்சாலையை அன்று பிரதமர் நேரு திறந்துவைத்தார். சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத் தொழில்நுட்பம். அதற்கு முன் இங்கே ஓடிய பெட்டிகளில் பெரும்பாலானவை இரும்பு அடிச்சட்டத்தின்மேல் மரத்தால் கட்டிய உடம்பு. ஐ.சி.எஃப் பெட்டி முழுக்க இரும்பு. கூரை, சுவர், தரை எல்லாம் சேர்ந்தே பாரம் தாங்கும் ஒரே கூடு. அறுபது வருடங்களுக்கு மேல் ஆயிரக்கணக்கில் இதைச் செய்தார்கள். மேல் பர்த், நடு பர்த், ஜன்னல் ஷட்டரில் விரல் நசுங்கிய அனுபவம் என்று மூன்று தலைமுறை இதில் வளர்ந்தது.

2018 ஜனவரியில் பெரம்பூரில் இந்த ரகத்தின் கடைசிப் பெட்டி வெளியே வந்தது. இப்போது செய்வது ஜெர்மன் வடிவமைப்பில் வந்த எல்.எச்.பி வகை. விபத்து நடந்தால் ஒரு பெட்டி இன்னொன்றின்மேல் ஏறாத அமைப்பு அதில் இருக்கிறது. அதனால் நீலப் பெட்டி தண்டவாளத்தைவிட்டுப் போவதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். வருத்தம், போன பிறகு அதற்கு என்ன ஆகிறது என்பதில்தான்.

ஐ.சி.எஃப் பெட்டிக்கு ரயில்வே வைத்த ஆயுள் பொதுவாக 25 ஆண்டு. வயதான பெட்டிகளில் ஒரு பகுதிக்கு ஜன்னல்களை அடைத்து, சீட்டுகளைப் பிடுங்கி, கார் ஏற்றும் சரக்குப் பெட்டியாக மாற்றிவிடுவார்கள். சங்ககிரி பக்கம் லெவல் கிராசிங்கில் நிற்கும்போது ஜன்னல் அடைத்த நீளமான பெட்டிகள் வரிசையாகப் போனால், அவற்றில் ஒரு காலத்தில் ஆட்கள் படுத்துத் தூங்கியிருப்பார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது 5,000-க்கும் மேற்பட்ட பெட்டிகளைத் தனிமைப்படுத்தும் வார்டுகளாக மாற்றியதும் நினைவிருக்கும். மற்றவை ஆன்லைன் ஏலத்துக்குப் போகும். எடுப்பவர் பெரும்பாலும் பழைய இரும்பு வியாபாரி. கேஸ் கட்டரில் ஒரு பெட்டி சில நாட்களில் துண்டுகளாகிவிடும்.

பஃபே போட்டால் காப்பாற்றியதாகுமா?

புது வீடு கிடைத்த பெட்டிகளும் உண்டு. 2020-ல் மேற்கு வங்கத்தின் அசன்சோல் ஸ்டேஷனில் இரண்டு பழைய மெமு பெட்டிகளை உணவகமாக்கினார்கள். அது நன்றாக ஓட, நாடு முழுக்கப் பரவியது. நம் சேலம் கோட்டத்தில் கோவை ஜங்ஷன் வளாகத்திலும் ரயில் பெட்டி உணவகம் வந்தது. இடமும் பெட்டியும் ரயில்வேயுடையது. டெண்டர் எடுத்தவர் தன் செலவில் அதை மாற்றி, கட்டணம் கட்டி நடத்துவார். மைசூரு அசோகபுரத்தில் இரண்டு பெட்டிகள் அரசுப் பள்ளிக்கு வகுப்பறைகளாயின. குழந்தைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்!

ஆனால் உணவகமான பெட்டிக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். பர்த் இல்லை, சங்கிலி இல்லை, அபாயச் சங்கிலியை இழுத்தால் எவ்வளவு அபராதம் என்ற எழுத்து இல்லை. ஃபால்ஸ் சீலிங், எல்.ஈ.டி லைட், சோபா. வெளியே மட்டும் ரயில். வெட்டுவதற்கு இது எவ்வளவோ மேல், சந்தேகமில்லை. ஆனால் இருபது வருடம் கழித்து ஒரு குழந்தை 'ஸ்லீப்பர் கோச் எப்படி இருக்கும்?' என்று கேட்டால், காட்ட இந்தப் பெட்டி உதவாது.

நமக்கு இது புதுப் பழக்கமும் இல்லை. டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் 1875-ல் வேல்ஸ் இளவரசருக்காகக் கட்டிய சலூன் இருக்கிறது. 1899-ல் கட்டிய மைசூர் மகாராஜாவின் சலூன் இருக்கிறது. 1982-ல் 'பேலஸ் ஆன் வீல்ஸ்' ரயில் முதலில் ஓடியதே பழைய சமஸ்தான சலூன்களை வைத்துத்தான். ராஜா ஏறிய பெட்டிக்கு வீடு சுலபமாகக் கிடைத்துவிட்டது. 1974 வரை இருந்த மூன்றாம் வகுப்பில், மரப் பலகை சீட்டில், தூக்குப் போணியை மடியில் வைத்துக்கொண்டு நம் தாத்தா பாட்டிகள் போன பெட்டிக்குத்தான் ஆள் இல்லை. 1992-க்குப் பிறகு மீட்டர் கேஜ் பாதைகளை அகலப்படுத்தும் வேலை வேகமெடுக்க, அந்தச் சின்னப் பெட்டிகளும் போயின. கொஞ்சம் மியான்மர் போன்ற நாடுகளுக்கு, மிச்சம் பழைய இரும்புக்கு. தமிழ்நாட்டில் இன்று மீட்டர் கேஜ் பெட்டி ஓடுவதைப் பார்க்க மேட்டுப்பாளையம்தான் போக வேண்டும். நீலகிரி மலை ரயிலும் சேலம் கோட்டம்தான் என்பது பலருக்குத் தெரியாது.

மேப்பில் தேடிய ஆராய்ச்சியாளர்

வெளிநாட்டில் எப்படி? ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அகதா கிறிஸ்டி கதையில் கொலை நடக்குமே, அந்த ரயில். 1977-ல் மான்டி கார்லோவில் அதன் பழைய பெட்டிகள் ஏலத்துக்கு வந்தன. ஜேம்ஸ் ஷெர்வுட் என்ற தொழிலதிபர் இரண்டை எடுத்தார். அத்தோடு நிற்கவில்லை. ஐரோப்பா முழுக்கத் தேடித்தேடி வாங்கி, பழுதுபார்த்து, 1982-ல் மறுபடி ஓடவிட்டார்.

இன்னொரு கூட்டம் பெட்டிகள் காணாமலே போயிருந்தன. ஆர்தர் மெட்டெத்தால் என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் 2015-ல் இணையத்தில் வந்த வீடியோவையும் செயற்கைக்கோள் மேப்பையும் ஒப்பிட்டுத் தேடினார். போலந்தில், பெலாரஸ் எல்லையை ஒட்டிய மாவாஷெவிச்சே என்ற இடத்தில் பெட்டிகள் வெயிலிலும் பனியிலும் நின்றுகொண்டிருந்தன. 2018-ல் அக்கோர் ஹோட்டல் நிறுவனம் 17 பெட்டிகளை வாங்கியது. உள்ளே இருந்த மர வேலைப்பாடும் கண்ணாடி அலங்காரமும் பெரும்பாலும் அப்படியே இருந்தது, அதிர்ஷ்டம்.

கோடீஸ்வரர் கதை நமக்கு உதவாது என்று தோன்றலாம். உதவக்கூடிய கதை இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே ஒரு காலத்தில், கழித்துப்போட்ட மரப் பெட்டிகளைச் சக்கரம் நீக்கி மலிவாக விற்றார்கள். வாங்கியவர்கள் கடற்கரையில் வீடாக்கினார்கள், தோட்டத்தில் கோழிக்கூண்டாக்கினார்கள். பல பத்தாண்டுகள் கழித்து ஆர்வலர்கள் அந்தப் பெட்டிகளைத் தேடிப் போனபோது ஒரு விஷயம் புரிந்தது. திறந்தவெளியில் விட்ட பெட்டி மண்ணாகிவிட்டது. ஒழுகுகிறதே என்று மேலே தனிக் கூரை போட்டு, சுற்றிச் சுவர் வைத்து, உள்ளே குடியிருந்த பெட்டிதான் கதவு, ஜன்னல் கைப்பிடி வரைக்கும் பிழைத்திருந்தது. ரயில் அபிமானம் எதுவுமில்லாத குடும்பங்கள், வாடகை மிச்சம் என்று நினைத்துச் செய்த காரியம் அது! யார்க்‌ஷயரில் இங்ரோ என்ற இடத்தில் உள்ள 'விண்டேஜ் கேரியஜஸ் டிரஸ்ட்' அப்படிப் பழைய பெட்டிகளை எடுத்துச் சீராக்கி, அருங்காட்சியகம் நடத்துகிறது. அந்தப் பெட்டிகள் சினிமா, டி.வி படப்பிடிப்புகளுக்கு வாடகைக்குப் போய்ச் சம்பாதித்தும் கொடுக்கின்றன.

ஒரு பெட்டி திருச்செங்கோட்டுக்கு வந்தால்...

ஒரு பள்ளியோ, கல்லூரியோ, ஆர்வமுள்ள பட்டறைக்காரரோ ஒரு பெட்டியைக் கொண்டுவர நினைத்தால், முதலில் வாங்க வேண்டியது பெட்டியை அல்ல; கூரையை. இரும்புப் பெட்டி நம் ஊர் சித்திரை வெயிலில் அடுப்பாகும். ஐப்பசி மழையில் கூரை இணைப்பு வழியாக ஒழுகும். பெட்டிக்கு மேலே, அதைத் தொடாமல், உயரமான தகரக் கொட்டகை போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. லாரி பட்டறைகளில் அப்படிப்பட்ட கொட்டகை ஏற்கெனவே இருக்கிறது.

அடுத்து, கொண்டுவருவது. ஐ.சி.எஃப் பெட்டியின் நீளம் 21 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், எடை சக்கரங்களோடு சுமார் 40 டன். பெட்டியைக் கிரேனால் தூக்கித் தாழ்வான டிரெய்லரில் வைக்க வேண்டும். போகிகளைத் தனியாகக் கழற்றி ஏற்ற வேண்டும். (நாம் பெட்டியையே போகி என்கிறோம். ரயில்வேக்காரர்களுக்கு அது பெட்டிக்கு அடியில் இருக்கும் நான்கு சக்கரத் தொகுதி.) அளவு மீறிய சரக்கு என்பதால் ரோட்டில் அனுமதி, தாழ்வான மின்கம்பி, திருப்பம் என்று ஆயிரம் பார்க்க வேண்டும். இந்தியா முழுக்க ரிக் வண்டி அனுப்பி போர்வெல் போடும் ஊருக்கு இது புரியாத கணக்கு அல்ல.

அதன் பிறகுதான் உண்மையான வேலை. துரு முதலில் பிடிக்கும் இடம் கழிவறைப் பக்கம். பல வருடம் தண்ணீர் இறங்கி, தரைத் தகடும் பக்கவாட்டு அடிச்சட்டமும் அரித்துப்போயிருக்கும். மேலே பளபளவென்று பெயிண்ட் இருக்கும், அடியில் உளியால் தட்டினால் பொடிப்பொடியாகக் கொட்டும். ஏலத்தில் எடுக்கும் முன் குனிந்து அடியில் பார்க்காதவர் ஏமாந்துபோவார்.

இன்னொன்று, உயிர் விஷயம். பழைய பெட்டிகள் சிலவற்றில் சூடு தாங்குவதற்காகச் சுவர்த் தகட்டின் உட்புறம் ஆஸ்பெஸ்டாஸ் கலவை பூசியிருப்பார்கள். கூரை ஷீட்டில் கேள்விப்பட்ட அதே கல்நார்தான். சும்மா இருக்கும்வரை அது சும்மா இருக்கும். பலகையைப் பிடுங்கும்போது, வெல்டிங் வைக்கும்போது தூசியாகப் பறந்து நுரையீரலில் தங்கும். பல வருடம் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் போதாது. பரிசோதித்து, பயிற்சி பெற்றவர்களை வைத்து அகற்றாமல் ஒரு திருகைக்கூடக் கழற்றக் கூடாது. பழைய பெயிண்டில் ஈயமும் இருக்கலாம். இந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் 'பழைய இரும்பு விலைதானே' என்று இறங்குவது ஆபத்து.

திறமைக்குப் பஞ்சமில்லை. பெரம்பூர் லோகோ பணிமனை, 1855-ம் ஆண்டு இன்ஜின் ஒன்றை 2010-ல் மறுபடி ஓடவைத்தது. ஊட்டி ரயிலுக்குப் புது நீராவி இன்ஜினையே பொன்மலைப் பணிமனை செய்து கொடுத்திருக்கிறது. திருச்சியிலும் சென்னையிலும் ரயில் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. ஆனால் அங்கெல்லாம் இடம் அளவானது. வயதாகும் எல்லாப் பெட்டிகளையும் அவை ஏற்க முடியாது.

திருச்செங்கோட்டுக்கும் ஒரு கணக்கு இதில் இருக்கிறது. லாரியை கம்பெனியே கேபினோடு அனுப்புவது கூடிவிட்டது. பாடியிலும் மரம் போய் இரும்பு வந்துவிட்டது. தேக்கை இழைத்து, வளைந்த சட்டத்தில் கணக்காகப் பொருத்தத் தெரிந்த தச்சர்களுக்கு வேலை குறைகிறது. மீட்டர் கேஜ் மரப் பெட்டி ஒன்று எங்காவது பணிமனை மூலையில் மிஞ்சியிருந்தால், அதைச் சரிசெய்யத் தேவை அதே கைதான். பெட்டியும் தச்சரும் ஒரே நேரத்தில் கிடைக்கும் காலம் இன்னும் பல வருடம் நீடிக்காது.

நீலப் பெட்டிக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. அடுத்த முறை சங்ககிரியிலோ ஈரோட்டிலோ நிற்கும்போது, பெட்டியின் பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் அது தயாரான வருடம். 05 என்று தொடங்கினால் 2005-ல் பிறந்த பெட்டி. 25 வருடக் கணக்கில் 2030-ல் ரிட்டயர்மென்ட். நீங்கள் ஏறியது எந்த வருடத்துப் பெட்டி?