தூசிதானே என்று துடைத்துவிடாதீர்கள்!

சம்பா அறுவடை தொடங்கிவிட்டால், தஞ்சாவூர்ப் பக்கம் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்குத் தலைவலிதான். நெல் சுணையும் களத்துத் தூசியும் சி.பி.யு. பெட்டிக்குள் புகுந்து ஃபேனை அடைத்துக்கொள்ளும். சூடு ஏறி, கம்ப்யூட்டர் தானாகவே அணைந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியைத் திறந்து தூசியை ஊதும்போதெல்லாம் எனக்குச் செவ்வாய்க் கிரகம் நினைவுக்கு வரும்.

அங்கேயும் தூசிதான் பிரச்னை. 2004 ஜனவரியில் நாசாவின் ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி என்ற இரண்டு ரோவர்கள் செவ்வாயில் இறங்கின. இரண்டும் சூரிய ஒளியில் மின்சாரம் எடுப்பவை. 2018 ஜூனில் வந்த பெரும் தூசிப் புயல் வெளிச்சத்தை மறைத்ததோடு ஆப்பர்ச்சூனிட்டியின் தொடர்பு அறுந்துபோனது.

ஆனால் விஞ்ஞானிகள் அந்தத் தூசியைத் தொல்லையாக மட்டும் பார்க்கவில்லை. டென்மார்க்கில் தயாரான காந்தங்களை ரோவர்களில் பொருத்தி அனுப்பினார்கள். அவற்றில் ஒன்று மோதிரம் போன்ற வளையக் காந்தம். காந்தம் இழுக்கும் தூசி வளையத்தில் ஒட்டிக்கொள்ளும். இழுக்காத தூசி மட்டுமே நடுவில் விழ முடியும். ரோவர் அனுப்பிய படத்தில் நடுப்பகுதி ஏறக்குறையச் சுத்தமாக இருந்தது! அதாவது, காற்றில் மிதக்கும் தூசியில் அநேகமாக எல்லாத் துகளுக்கும் காந்தத் தன்மை உண்டு. முக்கியக் காரணம் மேக்னடைட் என்ற இரும்புத் தாது. ஒலிவின் என்ற கனிமமும் அந்தத் தூசியில் இருந்தது. தண்ணீரில் நெடுங்காலம் கிடந்தால் ஒலிவின் வேறு பொருளாக மாறிவிடும். எனவே இந்தத் தூசி உருவானதில் தண்ணீருக்குப் பெரிய பங்கில்லை என்று 2005ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

மேக்னடைட் நமக்கும் அந்நியமல்ல. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் காவிரி மணலில் இழுத்துப் பாருங்கள். கருப்பாக ஒட்டும் துகள்களில் அதுவும் இருக்கிறது.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் கேம்ஸ், சினிமாவோடு நின்றுவிடுகிறார்கள். பாடத்துக்கு உதவாததைப் பார்க்காதே என்று பிள்ளைகளையும் தடுக்கிறார்கள். இது தவறு என்பது என் கருத்து. ரோவர்கள் எடுத்த படங்களை நாசா இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. விஞ்ஞானிகள் பார்த்த அதே படத்தை உங்கள் பிள்ளையும் உங்கள் வீட்டு மானிட்டரில் பார்க்கலாம். பார்த்த கையோடு காந்தத்தை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு அழைத்துப் போங்கள். அன்று கேட்கும் கேள்விகள் எந்த டியூஷனிலும் வராது.

ஒரே ஓர் எச்சரிக்கை: திரும்பி வந்ததும் அந்தக் காந்தத்தை ஹார்ட் டிஸ்க் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள்!