புதுத்துணி என்றால் சுத்தத் துணி என்று அர்த்தமில்லை

ஊர் உறவுகளே, வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற குடும்பங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

2022 நெருக்கடியில் பம்பஸ் விலை ஏறியபோது எங்கட பக்கத்தில் பல வீடுகள் துணி நப்பிக்குத் திரும்பின. நல்ல விஷயம். ஆனால் அதோடு சேர்ந்த ஒரு பழக்கம்தான் சரியில்லை. பிள்ளை பிறக்க முதல் சாமான் வாங்கக்கூடாது என்று ஒரு சொல் இருக்கிறது. அதனால் பிறந்த அன்றைக்குத்தான் வாப்பா கடைக்கு ஓடுகிறார். பார்க்க வரும் மாமிமாரும் பெட்டியோடு வருகிறார்கள். பெட்டியைத் திறந்து, துணியை எடுத்து, அப்படியே பிள்ளைக்குக் கட்டிவிடுகிறார்கள். கேட்டால், "புதுசுதானே, ஊத்தை இல்லையே" என்பார்கள்.

கண்ணுக்குத் தெரியும் ஊத்தை இல்லைதான். ஆனால் நெசவின்போது நூலுக்குப் போட்ட பசை, சாயம், சுருங்காமல் இருக்கப் பூசும் இரசாயனம் எல்லாம் புதுத்துணியில் மிஞ்சியிருக்கலாம். அப்படிப்பட்ட பூச்சுகளில் ஃபோமல்டிஹைட் என்பதும் ஒன்று. ஜப்பானில் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 24 மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளின் உடுப்பில் அதற்கு மிகக் கடுமையான கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, பருத்தியில் இயற்கையாகவே மெழுகு இருக்கிறது. அது போகாத துணி மூத்திரத்தை உறிஞ்சாது. பிள்ளை ஈரத்திலேயே கிடக்கும், தோல் சிவந்து புண்ணாகும். எங்கட உம்மும்மாமார் பழைய சாரத்தைக் கிழித்துக் கட்டினார்களே, அது வறுமையால் மட்டுமில்லை. நூறு தரம் தோய்த்த துணி மெதுமையானது, நன்றாக உறிஞ்சும்.

இதைவிட முக்கியமானது, அலுமாரிக்குள் போடும் வெள்ளை நப்தலீன் உருண்டை. மூத்த பிள்ளையின் துணியையோ, வாங்கி வைத்த புதுத்துணியையோ அந்த உருண்டையோடு வைக்காதீர்கள். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு சில பிள்ளைகள் பிறக்கின்றன. மலேரியா இருந்த பிரதேசங்களில் இது கூடுதல். வன்னியும் ஒரு காலத்தில் மலேரியா பூமிதான். அப்படிப்பட்ட பிள்ளைக்கு நப்தலீன் பட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள் காமாலை வரலாம், மூளையையும் பாதிக்கலாம். எண்ணெய் பூசிய உடம்பில் அது இன்னும் வேகமாக உள்ளே போகும். உருண்டை மணக்கும் துணியைப் பிறந்த பிள்ளைக்குக் கட்டவே வேண்டாம்.

சரி, புதுத்துணியை எப்படித் தயார் செய்வது?

ஓர் இரவு தண்ணீரில் ஊற வையுங்கள். பிறகு மணம் இல்லாத சலவைத்தூளைக் கொஞ்சமாகப் போட்டு, சுடுதண்ணியில் தோய்த்து, நன்றாக அலசிக் காய விடுங்கள். பருத்தி என்றால் நாலைந்து தரமாவது இப்படித் தோய்க்க வேண்டும். துணியை மெதுமையாக்கும் திரவம் போடாதீர்கள். அது நூலில் படிந்து உறிஞ்சுவதைக் கெடுக்கும்.

வவுனியா, செட்டிகுளம் பக்கத்துக் கிணறு பலதில் தண்ணி கடினம். கட்டிச் சவர்க்காரம் நுரைக்காது, வெள்ளையாகத் துணியில் ஒட்டும், துணி விறைக்கும். தண்ணியைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, தெளிந்ததை மட்டும் எடுத்தால் ஓரளவு குறையும். மாரியில் மழைத்தண்ணியைப் பிடித்து வைப்பது இன்னும் நல்லது.

போதுமா என்று பார்க்க ஒரு சோதனை: காய்ந்த துணியில் ஒரு துளி தண்ணி விடுங்கள். முத்துப்போல நின்றால் இன்னும் தோய்க்க வேண்டும். உடனே இறங்கினால் துணி தயார்.

இத்தனை வேலையும் பிள்ளை பிறந்த அன்று செய்ய முடியாது. ஏழாம், எட்டாம் மாதத்திலேயே வாங்கித் தோய்த்து, வெய்யிலில் காயவைத்து, சுத்தமான பையில் கட்டி வையுங்கள். சகுனம் பார்ப்பதை மார்க்கமே விலக்கியிருக்கிறது. பிறகு யாருக்காக இந்தப் பயம்?

கடைசியாக ஆண்களுக்கு ஒரு வார்த்தை. வயிற்றுப் பிள்ளையோடு கிணற்றில் அள்ளி, நாலைந்து தரம் தோய்ப்பது உங்கள் மனைவியின் வேலையில்லை. வாளியை நீங்கள் தூக்குங்கள். பிள்ளைக்கு நீங்கள் செய்யும் முதல் கடமை இதுவாக இருக்கட்டும்.

பார்க்கப் போகிற உறவுகளே, துணி கொடுப்பதென்றால் பிள்ளை பிறக்க முதலே கொடுங்கள். தோய்த்துக் கொடுத்தால் இன்னும் நன்மை.