காலைப் பிடித்தால் கௌரவம் போய்விடுமா?

இந்த முறை கொஞ்சம் கூச்சமான விஷயம், சகோதரிகளே. பக்கத்தில் மாமியார், நாத்தனார் இருந்தால் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, மத்தியானம் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு நிதானமாகப் படியுங்கள்.

எங்கள் ஒலக்கூர்ப் பக்கத்தில் ஒரு பெண். கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது. "அக்கா, இவருக்கு ஏதோ கோளாறு இருக்குமோன்னு பயமா இருக்கு" என்று வந்து நின்றாள். விசாரித்தால், புருஷனுக்குக் குடி இல்லை, கை நீட்டுகிற வழக்கமும் இல்லை. சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறான். ராத்திரியில் இவள் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வருடுகிறான். மருதாணி வைத்துவிடுகிறான். பாதத்தில் முத்தம் கொடுக்கிறான். அவ்வளவுதான் விஷயம். இதை ஒருநாள் மாமியார் பார்த்துவிட்டு, மறுநாள் விடிகாலை வாசல் தெளிக்கிற நேரத்தில் தெருவுக்கே கேட்கிற மாதிரி "பொண்டாட்டி காலை நக்கறவன்" என்று பெற்ற பிள்ளையையே ஏசிவிட்டாள். அன்றிலிருந்து அவன் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. இவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிற யோசனையில் இருந்தாள். (ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். யாரும் தேடிக்கொண்டு கிளம்ப வேண்டாம்!)

அவள் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை யோசிக்க வைத்தது. "சினிமாவுல இப்படிப் பண்றவனெல்லாம் ஒண்ணு காமெடியன், இல்லாட்டி பைத்தியம்தானே அக்கா?"

உண்மைதான். நம் சினிமாவில் காலுக்கு என்ன பஞ்சம்? கதாநாயகி வருகிறாள் என்றால் முகத்துக்கு முன்னால் பாதம் வந்துவிடும். கொலுசு போட்ட இரண்டு கால்கள் படியிறங்கும், இல்லையென்றால் வாய்க்கால் தண்ணீரில் நனையும். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை', 1982-ல் மகேந்திரன் எடுத்த 'மெட்டி', 1983-ல் தமிழில் வந்த 'சலங்கை ஒலி' என்று படத்தின் பெயரிலேயே காலணி நகைகள்தான். 'மௌன ராகம்' (1986) பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மோகன் ஆசையாய் வாங்கி வந்த கொலுசு ரேவதிக்கு வேண்டாததாய்ப் போகிறது. பிறகு மனசு மாறியதும், வாயால் சொல்ல வராமல் அந்தக் கொலுசைத்தான் எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். ஒரு ஜோடிக் கொலுசை வைத்துக்கொண்டு புருஷன் பெண்டாட்டி மனசையே மணிரத்னம் சொல்லிவிட்டார்.

இந்தியில் 1972-ல் வந்த 'பாக்கீசா' இன்னும் ஒருபடி மேல். ரயிலில் தூங்கிக்கொண்டிருக்கிற மீனாகுமாரியின் பாதங்களைப் பார்த்துச் சொக்கிப்போன ராஜ்குமார், எழுப்பாமல் ஒரு சீட்டு எழுதிவைத்துவிட்டுப் போகிறார். இவ்வளவு அழகான பாதங்களைத் தரையில் வைத்து அழுக்காக்கிவிடாதீர்கள் என்று அர்த்தம் வரும்படி எழுதியிருப்பார். அந்தச் சீட்டைத்தான் அவள் பொக்கிஷமாய் வைத்துக்கொண்டு உருகுகிறாள். எனக்கு அந்தக் காட்சி பிடிக்கும். ஆனாலும் ஒரு கேள்வி. அவள் நாட்டியமாடிப் பிழைக்கிறவள். காலைத் தரையில் வைக்காமல் எப்படிச் சாப்பிடுவாள்? கடைசியில் அதே பாதங்களை உடைந்த கண்ணாடி மேல் ஆடவைத்து, ரத்தம் சொட்டச் சொட்டக் காட்டுகிறார்கள். மூன்று வருஷம் கழித்து 'ஷோலே'யில் ஹேமமாலினிக்கும் அதே கண்ணாடிச் சில்லுதான். பெண்ணின் காலைப் புகழ்ந்தால் அடுத்து அதைக் கிழிக்க வேண்டும் என்று ஏதாவது சட்டமா, தெரியவில்லை.

ஆக, காலை ரசிக்கிறது காமிரா. கொட்டகையில் உட்கார்ந்து அத்தனை பேரும் ரசிக்கிறோம். அது கௌரவம். அதே காலைக் கட்டின புருஷன் தொட்டுவிட்டால் மட்டும் கதை வேறு. உடனே அவன் பெண்டாட்டிதாசன். துணி துவைப்பான், கால் அமுக்குவான், பூரிக்கட்டையால் அடிபடுவான், கொட்டகை சிரிக்கும். இல்லையென்றால் செருப்பைத் திருடி முகர்ந்து பார்க்கிற கிறுக்கன். மூன்றாவது வகை, காலை வைத்து அதிகாரம் காட்டுவது. "என் காலில் விழு" என்று வில்லன் உறுமுவதும், கடைசி ரீலில் அவனே வந்து விழுவதும் எத்தனை படம் பார்த்திருப்போம்! 'படையப்பா'வில் (1999) நீலாம்பரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததுதான் எத்தனை பேருக்குப் பொறுக்கவில்லை! சும்மா ஒருத்தனுக்குத் தன் மனைவியின் பாதம் பிடித்திருக்கிறது, அவளுக்கும் அதில் சம்மதம், இரண்டு பேரும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று காட்டுகிற படத்தை நான் பார்த்ததில்லை.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் என்று நினைக்காதீர்கள். ஹாலிவுட்டில் க்வென்டின் டாரன்டினோ என்ற டைரக்டர் படங்களில் பெண்களின் வெறும் பாதத்தைக் கிட்டத்தில் காட்டுவது வழக்கம். 2019-ல் வந்த அவருடைய படத்துக்காக 2020 ஜனவரியில் விருது வாங்கிய பிராட் பிட், மேடையிலேயே அதைக் கிண்டல் செய்தார். அரங்கமே சிரித்தது. பெரிய டைரக்டர், அவருக்குச் சிரிப்பு ஒட்டாது. வாசல் தெளிக்கிற நேரத்தில் திட்டு வாங்கின பையனுக்கு அப்படியா?

நம் பழைய வழக்கத்தையும் நினைத்துப் பாருங்கள். கல்யாணத்தில் அம்மி மிதிக்கும்போது, ஊரும் உறவும் சுற்றி நிற்க, மாப்பிள்ளை குனிந்து பெண்ணின் காலைத் தன் கையால் எடுத்து அம்மிமேல் வைத்து மெட்டி போடுகிறான். அதை வீடியோ வேறு எடுக்கிறோம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஜெயதேவர் கீத கோவிந்தம் பாடும்போது, ஊடல் கொண்ட ராதையின் பாதத்தைத் தன் தலைமேல் வைக்கும்படி கண்ணன் கேட்பதாக ஓரிடம் வந்ததாம். பகவான் தலைமேல் பெண்ணின் காலா என்று அவருக்கே கை ஓடவில்லை. எழுதாமல் குளிக்கப் போய்விட்டார். கண்ணனே ஜெயதேவர் வேஷத்தில் வந்து அந்த வரியை எழுதிவிட்டு, பத்மாவதி போட்ட சாப்பாட்டையும் சாப்பிட்டுவிட்டுப் போனான் என்று கதை. பஜனை மடங்களில் பத்தொன்பதாவது அஷ்டபதியாக அதைப் பக்தியோடு பாடுகிறார்கள். பெருமாள் கோவிலில் நம் தலையில் வைக்கிற சடாரியும் திருவடிதானே. ரங்கநாதரின் பாதுகையைப் பற்றி மட்டும் வேதாந்த தேசிகர் ஆயிரத்தெட்டு சுலோகம் பாடியிருக்கிறார். சாமி கால் என்றால் கண்ணில் ஒற்றிக்கொள்வோம், பெண்டாட்டி கால் என்றால் கேவலமா?

சரி, டாக்டர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதற்கு வருவோம். 1886-ல் கிராஃப்ட் எபிங் என்ற மனநல மருத்துவர் ஜெர்மன் மொழியில் எழுதிய புத்தகத்தில் இந்தப் பாதப் பிரியத்தையும் வியாதிக் கணக்கில் சேர்த்தார். நூறு வருஷத்துக்கு மேல் அந்த முத்திரைதான். 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு, ஒருவருக்கு மனவேதனையோ வாழ்க்கையில் இடைஞ்சலோ தராத வரை இது கோளாறு ஆகாது என்று பிரித்துச் சொன்னது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்று, 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த புது நோய்ப் பட்டியலில், முன்பு தனியாக இருந்த அந்தத் தலைப்பையே எடுத்துவிட்டார்கள். உடம்பின் ஒரு பகுதிமேல் தனிப் பிரியம் உள்ளவர்களைப் பற்றி இத்தாலி நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2007-ல் கணக்கெடுத்தபோது, பாதியை நெருங்கியவர்களுக்குப் பிடித்தது பாதமும் கால்விரலும்தானாம். ஏன் காலாகப் பார்த்துப் பிடிக்கிறது? சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை நிபுணர் வி.எஸ். ராமச்சந்திரன் ஒரு யூகம் சொன்னார். மூளையில் உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஓரிடம் உண்டு, அதில் பாதத்துக்கான இடமும் மர்ம உறுப்புக்கான இடமும் அடுத்தடுத்த வீடு மாதிரி ஒட்டியிருக்கின்றன, ஒன்றின் உணர்வு மற்றதில் கசியலாம் என்று. யூகம்தான், முடிவான சாட்சி இல்லை.

அந்தப் பெண்ணிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. "உனக்குப் பிடிச்சிருக்கா, பிடிக்கலையா?" தலையைக் குனிந்துகொண்டு, "பிடிக்காமலா, கூச்சமா இருக்கு அவ்ளோதான்" என்றாள். அப்படியானால் அம்மா வீட்டுக்கு என்னத்துக்குப் பெட்டி? கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போதும்.

பிடிக்கவில்லை என்றால் வேறு கணக்கு. "எனக்கு வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, அவர் கேட்டே ஆக வேண்டும். அதில்லாமல் வேறு எதிலும் நாட்டமே இல்லை என்று ஆகி, அவரே அதனால் மனம் உடைந்தாலோ, குடும்பம் நடத்த முடியாமல் போனாலோ மனநல டாக்டரைப் பார்ப்பதில் வெட்கம் கிடையாது. 14416 என்ற அரசாங்க டெலிமானஸ் எண்ணில் கட்டணம் இல்லாமல், தமிழிலேயே பேசலாம். பஸ்ஸில் தெரியாத பெண்ணின் காலைத் திருட்டுத்தனமாய் செல்போனில் படம் எடுக்கிறானே, அவனை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சம்மதம் கேட்காதவன் எதை ரசித்தாலும் அது திருட்டு.

இனி இளம் தாய்மார்களுக்கு, கால் பிடித்துவிடுவது பற்றி முக்கியமாக ஒன்று. கர்ப்பத்தில் சாயங்காலமானால் இரண்டு பாதமும் கொஞ்சம் வீங்குவது சகஜம். மெட்டி இறுக ஆரம்பித்தால் சாஸ்திரம் பார்க்காமல் கழற்றி வையுங்கள். விரல் நீலம் பாயும்வரை காத்திருக்க வேண்டாம். முகம், கையெல்லாம் திடீரென்று வீங்கி, தலைவலி, கண் மங்கல் என்றால் அது ரத்த அழுத்தம் ஏறியதற்கு அடையாளமாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும். கர்ப்பத்திலோ பிரசவத்துக்குப் பின்னாலோ ஒரே ஒரு கால் மட்டும் வீங்கி, ஆடுசதை வலித்து, சூடாக இருந்தால் யாரையும் அமுக்கிவிட விடாதீர்கள், அது எவ்வளவு ஆசையான புருஷனாக இருந்தாலும்! உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அமுக்கினால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடும் அபாயம் உண்டு. டாக்டரிடம் காட்டிய பிறகுதான் தைலமும் தடவலும்.

நம் பக்கத்தில் நாற்று நட்டு, கல்லை பிடுங்கி, வெறுங்காலோடு நடந்து வெடிக்காத குதிகால் உண்டா? அந்த வெடிப்பைப் பார்த்துத்தான் பாதிப் பெண்கள் புருஷன் முன்னால் காலை இழுத்து மூடிக்கொள்கிறார்கள். ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறவைத்து, விரலிடுக்கு உட்பட ஈரம் போகத் துடைத்து, வெடிப்பில் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவி, பழைய காலுறை மாட்டிக்கொண்டு படுங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் ஊறவைக்கவும் வேண்டாம், பிளேடு போடவும் வேண்டாம். அவர்கள் தினம் ஒருமுறை உள்ளங்காலைப் பார்த்தாக வேண்டும். குனிந்து பார்க்க முடியாவிட்டால் வீட்டுக்காரரைப் பார்க்கச் சொல்லுங்கள்.